அம்மாயியின் பிஸ்கட் டின்னும் மாத்தளைத் தேரும்

மாசி மகத் தேருக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வாயைத் திறந்தால் போதும், அன்று சாயந்தரமே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். தேர் பார்க்கப் போய்வர எல்லோராலும் முடியாது. பஸ் காசு இருக்கிறது, ஒரு நாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் சம்பளத்தில் இடிக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும். அதனால் நேர்த்திக் காசை அம்மாயியிடம் கொடுத்து அனுப்புவது இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழக்கமாகிவிட்டது. ஒருவர் 20 ரூபாய் தருவார், இன்னொருவர் 100. பிள்ளைக்கு அம்மை போட்டபோது மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்த காசை அப்படியே எடுத்து வருபவர்களும் உண்டு.

அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் யாருடைய காசும் யாருடைய காசோடும் கலந்ததில்லை. அம்மாயி ஒரு பழைய மாலிபன் பிஸ்கட் டின் வைத்திருக்கிறது, உள்ளே முழுக்கச் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். மகளைக் குவைத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு போன் வருமா வருமா என்று காத்திருக்கும் அக்காவின் முடிச்சில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பையனின் முடிச்சில் அவனுடைய பள்ளிக்கூடச் சட்டைப் பித்தான். மாடு பால் மறுக்கிறது என்று வந்த தாத்தாவுக்கு மாட்டுக் கயிற்றிலிருந்து பிய்த்த ஒரு நார். டவுன் கடை முதலாளி சிங்களவர், அவரும் வருஷம் தவறாமல் காசு தருவார், அது சிங்களப் பேப்பரில் சுற்றி வரும், அதற்கு வேறு அடையாளமே வேண்டாம். மாத்தளை அம்மனிடம் சிங்கள ஆட்களும் வந்து கும்பிடுவது புதிதில்லை.

அம்மாயி கொழுந்து பறித்தது பாதி வாழ்க்கை, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயாவாக இருந்தது மீதி. எங்கள் லயத்தில் இப்போது ஆட்டோ ஓட்டுபவர், கொழும்பில் கடையில் நிற்பவர், டீச்சராகிப் போனவர் எல்லோருமே அம்மாயி ஆட்டிய ஏணையில் தூங்கியவர்கள்தான். ராத்திரி யாருக்காவது பிரசவ வலி வந்தால் தோட்டத்து லொறிக்கு ஆள் அனுப்புவதும், சாவு வீடு என்றால் முதலில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைப்பதும் அம்மாயி வேலை. 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெயும் இல்லை, கோதுமை மாவு விலை தலைக்கு மேல் போய்விட்டது, ரொட்டி சுடவே யோசித்த நாட்கள் அவை. அப்போது எங்கள் மரவள்ளிப் பாத்தி முழுதையும் தோண்டி, வாசலில் விறகு அடுப்பு வைத்து, பெரிய சட்டியில் அவித்து லயத்துக்கே கொடுத்தது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், நமக்கும் நாளைக்கு வேண்டாமா என்று கேட்டார். "நாளைக்குப் பக்கத்து வீட்டுல அவிப்பாங்க" என்று அம்மாயி சொன்னது. உண்மையிலேயே அவித்தார்கள், ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். இந்த முறை நான்தான் துணைக்குப் போனேன். புசல்லாவையில் பஸ் ஏறி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளை. அம்மாயி டின்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கண்டக்டர் பையை மேலே தட்டில் வைக்கச் சொன்னபோது, "இது சாமி காசு தம்பி, மேல வச்சா நான் எப்பிடி உக்காருறது" என்று கேட்டது, அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தேருக்கு முதல் நாள் சாயந்தரமே சேர்ந்துவிட்டோம். 108 அடி ராஜகோபுரம் தெருவுக்குள் நுழையும்போதே தெரியும். ஆரம்பத்தில் மரத்தடியில் இருந்த ஒரு சின்னச் சிலைதான் என்பார்கள். வெள்ளைக்காரர் காப்பித் தோட்டம் போட்ட காலத்தில் நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக நடந்து, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மலையேற வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் காலராவிலும் அம்மையிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அப்படி வந்தவர்கள் மாரியம்மனைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவார்கள்? மலையகத்தில் மாரியம்மன் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2023-இல், நம் ஆட்கள் வந்த 200 வருஷ நினைவாக தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களும் மாத்தளையில்தான் முடித்தார்கள். தமிழர்களுக்கு எதிரான 1983 கலவரத்தில் இந்தக் கோயிலுக்கும் தீ வைத்தார்கள். அம்மாயி அதைப் பற்றி அதிகம் பேசாது, கோபுரத்தைக் காட்டி "திரும்பக் கட்டுனாங்கல்ல" என்பதோடு சரி.

அர்ச்சனை வரிசையில்தான் கூத்து. ஒரு டிக்கட் எடுத்துக்கொண்டு மொத்தமாக ஒரு அர்ச்சனை செய்துவிட்டுப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முடிச்சுக்கு ஒரு டிக்கட். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டால் அம்மாயி அதோடு நிறுத்தாமல் விஷயத்தையும் சொல்லும்: விசாகம், குவைத்துல இருக்கு, வீட்டுக்காரம்மா போனைப் பிடுங்கி வச்சிருக்காளாம். அவிட்டம், கணக்குப் பாடத்துல மட்டும் ஐமிச்சம். மாட்டுக்கு நட்சத்திரம் தெரியாததால் தாத்தாவின் நட்சத்திரத்தைச் சொன்னது. பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களே அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐயர் பொறுமைசாலி, மாட்டுக்குக்கூடத் தனியாகப் பூ எடுத்துக் கொடுத்தார்.

ஒரு முடிச்சு மட்டும் யாரும் தந்ததில்லை. அம்மாயியே தன் காசைப் போட்டு முடிந்தது, அதில் அடையாளமும் கிடையாது. அது அக்காவுக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்த குடும்பங்களில் அம்மாயியின் அக்கா குடும்பமும் ஒன்று. ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரிப் பக்கம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். "இருக்காங்களோ இல்லையோ, என்னான்னு அர்ச்சனை பண்ண?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார். "நீங்க பேரைச் சொல்லுங்க சாமி, எங்க இருக்குன்னு அம்மா பாத்துக்கும்" என்றது. பெயரைச் சொன்னார், ரோகிணி நட்சத்திரமும் சொன்னார். அந்த இடத்தில் வரிசையிலும் யாரும் எதுவும் பேசவில்லை.

கடைசியாகத் தனக்கு. மற்றவர்களுக்காகக் கேட்டவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் அம்மாயி அப்படி இல்லை. முழங்கால் வலிக்கு நிறையவே கேட்டது. இந்தக் கால் நின்றுவிட்டால் அடுத்த வருஷம் இத்தனை பேர் காசையும் யார் கொண்டு வருவார்கள் என்று அம்மனையே மிரட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் பஞ்சரதம். ஐந்து தேரும் தெருவில் வரிசையாக வர, ரோடெல்லாம் சிதறு தேங்காய், தவில் நாதஸ்வரம், பறவைக் காவடி, வெயில். அம்மாயி வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு எட்டு இழுத்தது, மூன்றாவது எட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டது. தேர் கடைத்தெருவைத் தாண்டும் வரை அப்படியே நின்று பார்த்தோம்.

ஊருக்கு வந்து சேர இருட்டிவிட்டது. வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே திருநீறும் குங்குமமும் பூவும் பொட்டலம் பொட்டலமாக வாசலுக்கு வாசல் போனது, கறுப்பு நூல் அந்த வீட்டுக்கு, பித்தான் இந்த வீட்டுக்கு. மாட்டுக்காரத் தாத்தா, நாங்கள் போன அன்று காலையிலேயே மாடு பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்றார். "அப்ப நாங்க அங்க போய்ச் சேரவே இல்லையே" என்று நான் கேட்டதற்கு அம்மாயி என்னை ஒரு முறை முறைத்தது. தாத்தா அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தேருக்கு என்று 100 ரூபாய்த் தாளை நீட்டினார். அம்மாயி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தது. "இப்பக் குடுத்தா மாவு வாங்கக் கையை வச்சிருவேன் அண்ணே, மாசி பொறக்கட்டும், அப்பக் கொண்டாங்க."