24 என்ற எண்ணும் என் கருவிழியின் தடிமனும்

கண்ணாடியின் பவரை மாற்றுவதற்காகப் போன இடத்தில், ஒரு கருவியின் முன் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "கண்ணை நன்றாகத் திறந்து வையுங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் காற்று 'புஸ்' என்று கண்ணில் வந்து மோதியது. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று முறை. கையில் கொடுத்த சீட்டில் வலது கண்ணுக்கு 24, இடது கண்ணுக்கு 23 என்று அச்சாகியிருந்தது. "கண்ணுக்குள் பிரஷர் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்" என்பதற்கு மேல் எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. பார்வையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே போன்ற சீட்டோடு விழித்திருப்பவர்களுக்காக, பிறகு நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் அளவில் இடைவிடாமல் சுரந்து, கருவிழியும் (கண்ணின் முன்புறத்தில் இருக்கும் தெளிவான படலம், கார்னியா) அதன் பின்னுள்ள நிறத்திரையும் சேரும் கோணத்தின் வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடிகால் சுணங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் காலப்போக்கில் பார்வை நரம்பைச் சிதைப்பதைத்தான் கிளாக்கோமா என்கிறோம். ரத்த அழுத்தத்தைப் போலவே இதையும் மில்லிமீட்டர் பாதரசத்தில் சொல்கிறார்கள் என்றாலும், கையில் பட்டை கட்டி அளக்கும் எண்ணை வைத்து இதை ஊகிக்க முடியாது.

கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தி அளக்க முடியாதல்லவா? அதனால், வெளியிலிருந்து கருவிழியை அழுத்தி, அது எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கிறார்கள். 1950களில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மான் என்ற கண் மருத்துவர் வடிவமைத்த டோனோமீட்டர் என்ற அழுத்தமானிதான் இன்றும் மற்ற கருவிகளுக்கெல்லாம் உரைகல்லாக இருக்கிறது. முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும், ஆரஞ்சு நிறச் சாயமும் இடுகிறார்கள். பிறகு நீல ஒளியில் ஒரு சிறிய முனை கருவிழியைத் தொடுகிறது. நமக்கு நீலம் மட்டுமே தெரியும். மருத்துவருக்கோ பச்சையாக ஒளிரும் இரண்டு அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை அவர் ஒரு குமிழைத் திருகுகிறார். அந்தக் கணத்தில் கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தட்டையாகியிருக்கும். அந்த அளவில், கருவிழியின் விறைப்பு முனையைத் தள்ளுவதும், கண்ணீர்ப் படலம் அதை உள்ளே இழுப்பதும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன என்பதே கோல்ட்மானின் கணக்கு. குமிழில் 2 என்று நின்றால் அழுத்தம் 20.

காற்றை ஊதும் கருவியும் கருவிழியைத் தட்டையாக்கித்தான் அளக்கிறது. ஆனால் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவதால், நாடித்துடிப்போடு ஏறியிறங்கும் அழுத்தத்தின் ஒரு கணம் மட்டுமே அதில் சிக்குகிறது. மூன்று முறை ஊதிச் சராசரி எடுப்பது அதனால்தான். மூச்சை அடக்கினாலும், இமைகளை இறுக்கினாலும், கழுத்துப்பட்டை இறுக்கமாக இருந்தாலும் அளவு கூடும். முதல் நாளில் நான் மூச்சையும் அடக்கியிருந்தேன், இமைகளையும் இறுக்கியிருந்தேன்.

பிறகு கண் மருத்துவரிடம் போனபோது, கோல்ட்மான் கருவியில் என் அளவுகள் 20, 19 என்று வந்தன. அதன்பின் கருவிழியின் தடிமனை அளந்தார்கள்: 598 மைக்ரான். கோல்ட்மானின் கணக்கு சுமார் 520 மைக்ரான் தடிமனை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. தடித்த கருவிழியைத் தட்டையாக்கக் கூடுதல் விசை வேண்டியிருப்பதால், உள்ளே இருப்பதைவிட அதிகமான எண்ணையே அது காட்டும். மெல்லிய கருவிழி குறைத்துக் காட்டும். லேசர் சிகிச்சையால் கண்ணாடியை விட்டவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுடைய கருவிழி மெலிந்திருக்கும். அப்படியானால் எத்தனை புள்ளிகளைக் கழிக்கலாம் என்று கேட்டேன். நம்பத்தகுந்த கழித்தல் வாய்பாடு எதுவும் இல்லை என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

21ஐத் தாண்டினால் அழுத்தம் அதிகம் என்று வழக்கமாகச் சொல்லும் எல்லையும் இயற்கை போட்ட கோடு கிடையாது. பெரும் எண்ணிக்கையிலான மக்களின் சராசரி 15, 16 அளவில் இருக்க, அதற்கு மேல் இரண்டு திட்டவிலக்கங்களை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் கணக்கு) கூட்டிக் கிடைத்த எண் அது. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தம் மட்டும் அதிகமாக இருந்து நரம்பில் சேதமில்லாதவர்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். சொட்டு மருந்து இடாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும், இட்டவர்களில் 4.4 சதவீதத்தினருக்கும் கிளாக்கோமா வந்தது. மருந்து அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது என்பது ஒரு பக்கம். மருந்தில்லாமலே பத்தில் ஒன்பது பேர் அந்தக் காலத்தில் தப்பினார்கள் என்பது இன்னொரு பக்கம். இதற்கு நேர்மாறாக, 21ஐத் தாண்டாமலே நரம்பு சிதைகிறவர்களும் உண்டு என்பதால், '16தான், கவலையில்லை' என்று எண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதும் தவறு. பார்வை நரம்பின் தோற்றம், பக்கப்பார்வைச் சோதனை, வடிகால் கோணம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்ற விவரம் ஆகியவற்றோடு வைத்தே அளவைப் படிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்தால், அழுத்தம் திடீரென்று 40, 50க்கு மேல் ஏறியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு நரம்பும் பக்கப்பார்வையும் நன்றாக இருந்ததால் மருந்து தரவில்லை, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அழுத்தம் ஒரே நாளுக்குள் சில புள்ளிகள் மாறும், பலருக்குக் காலையில் கூடுதலாக இருக்கும், ஸ்டீராய்டு மருந்துகளும் அதை ஏற்றக்கூடும் என்பதால், இப்போது எண்ணை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. என் குறிப்பேட்டின் கடைசி வரி இது: "காலை 8.30, கோல்ட்மான், வலது 19, இடது 19, தடிமன் 598, ஸ்டீராய்டு மருந்து எதுவும் எடுக்கவில்லை."