திசில் நாட்குறிப்பு: வேரின் கையிருப்பு

மே 21
கொலராடோ. மேய்ச்சல் நிலத்தில் வாய்க்கால் ஓரம் முழுக்கக் கனடா திசில் என்ற முட்களை கிளம்பிவிட்டது. பேரில்தான் கனடா, வந்தது ஐரோப்பாவிலிருந்து. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் விடலாம் என்றார் வீட்டில். வேண்டவே வேண்டாம். வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும், பக்கவாட்டிலும் ஓடும். விரல் நீளத்துக்கு அறுபட்ட துண்டுகூடத் தனிச்செடியாகத் துளிர்க்கும்.

ஜூன் 9
மொட்டு தெரிகிறது, இன்று அறுத்தாயிற்று. குளிர்காலத்தைத் தாண்ட வேரில் இனுலின் வகைச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் செடி இது. சிக்கரி வேரில் இருப்பதும் அதுதான். வசந்தத்தில் தண்டும் இலையும் எழுவது அந்தக் கையிருப்பைச் செலவழித்துத்தான். மொட்டு விடும் சமயத்தில் இருப்பு அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அப்போது வெட்டினால், இல்லாத காசில் மறுபடி தழைக்க வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் மட்டும் பயனில்லை, புது இலைகள் சீக்கிரமே வேருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும்.

ஜூன் 14
மேட்டில் சில தண்டுகள் வெளிறி, ஒல்லியாக நிற்கின்றன. பூவே இல்லை, ஆனால் பூவாசம்! துரு நோய்: பக்சினியா பங்டிஃபார்மிஸ் என்ற பூஞ்சாணம். திசிலை அடக்க இதை ஏவலாம் என்ற யோசனை 1893லேயே வந்துவிட்டது. வேர்வரை பரவிய நோய் என்பதால் இந்தத் தண்டுகள் பூப்பதில்லை. இவற்றை மட்டும் அறுக்காமல் சுற்றிப் போனேன்.

ஜூலை 12
மறு அறுப்பு. வெயில்.

ஆகஸ்ட் 3
நோய்த் தண்டுகளின் இலைகள் கரும்பழுப்பாகிவிட்டன. மற்றச் செடிகளுக்கு நோயைப் பரப்ப, பறித்துக் காகிதப் பையில் உலர்த்துகிறேன். பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடிக்கும்.

செப்டம்பர் 14
அறுத்த இடமெல்லாம் தரையோடு ஒட்டிய இளந்தழை. கோடையில் வெட்டியது இதற்காகவும்தான். முற்றிய தண்டைவிட இதில் துரு எளிதில் பிடிக்கும். நாள் குறுகக் குறுகச் சர்க்கரை வேருக்கு இறங்கும், நோயும் கூடவே இறங்கும். சாயங்காலம் தழையில் தண்ணீர் தெளித்து, காய்ந்த இலைப்பொடியைத் தூவினேன். இரவு பனி ஈரம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். களைகளையும் பூச்சிகளையும் இயற்கை எதிரிகளால் அடக்கும் பாலிசேடு ஊர்ப் பூச்சியகமும் (மாநில வேளாண் துறையுடையது) இந்தத் துருவைக் கையாள்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு இதில் நம்பிக்கை இல்லை, களைக்கொல்லி மருந்து அடிக்கச் சொல்கிறார். எல்லாச் செடியிலும் பிடிக்காது என்பது உண்மைதான். ஒரு வருஷத்தில் முடிகிற காரியமும் இல்லை.

செப்டம்பர் 27
இலை பச்சையாக இருக்கும்வரை இனி அறுப்பு கிடையாது. இப்போது வெட்டினால் பூஞ்சாணம் வேருக்குப் போகும் வழியை நானே அடைத்ததாகிவிடும்.