பத்துமணிப் பூவுக்கும் அந்திமந்தாரைக்கும் நடுவே

இந்தக் கோடைக்கு எங்கும் போகவில்லை. போக வேண்டாம் என்று பெரிய தீர்மானமெல்லாம் எடுக்கவில்லை, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் பாதிக் கோடை கழிந்துவிட்டது, அவ்வளவுதான். மீதியை வீட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தபோது கையில் இருந்தவை பதினேழு தொட்டிகள், பாதியில் விட்ட ஒரு எம்பிராய்டரி துணி, மூடி இறுகிப்போன சில வாட்டர்கலர் டியூப்கள். அப்புறம் பகல். கோடைப் பகல் எவ்வளவு நீளம் என்பது வேலைக்கு ஓடுகிற நாட்களில் தெரிவதே இல்லை.

என் தொட்டிகளில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். வெயில் நன்றாக ஏறினால்தான் விரியும். மேகமூட்டமான நாளில் சோம்பேறி போல மொட்டாகவே கிடக்கும். இன்னொன்று அந்திமந்தாரை. அது அதற்கு நேர் எதிர், பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு நான்கு மணிக்கு மேல் மெதுவாக அவிழும். ஆங்கிலத்திலும் அதற்கு நான்குமணிப் பூ என்றுதான் பெயர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ், எந்தப் பூ எப்போது விரியும், எப்போது மூடும் என்று பட்டியல் போட்டு, பூக்களை வைத்தே மணி பார்க்கலாம் என்று 1751-ல் எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய கடிகாரம் தேவைப்படவில்லை. பத்துமணிப் பூ விரிந்தால் உள்ளே போ, அந்திமந்தாரை விரிந்தால் வெளியே வா. இந்த இரண்டு முள் போதும்.

இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை, ஒரு சாமந்தியைப் பலி கொடுத்துத்தான் வந்தது. கோடை தொடங்கிய புதிதில் மதியம் ஒரு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தச் செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவேன். மறுநாளும் தொங்கும், மறுபடியும் ஊற்றுவேன். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி அன்பு காட்டியதில் அடி இலைகள் மஞ்சளாகி, ஒருநாள் மாலையிலும் தலை நிமிரவில்லை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண் சேறாக இருந்தது, வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது, அந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தாகத்தில் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் அதை மூச்சு முட்டவைத்துக் கொன்றிருக்கிறேன். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றில்தான் வேர் சுவாசிக்கிறது, அந்த இடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் அதற்கு வேறு வழியில்லை.

பிறகுதான் புரிந்தது. உச்சி வெயிலில் இலை வெளியே விடுகிற நீரின் வேகத்துக்கு வேர் உறிஞ்சித் தர முடிவதில்லை, மண்ணில் ஈரம் இருந்தாலும்கூட. அதனால் இலை துவள்கிறது, இலைத்துளைகளை முடிந்தவரை மூடிக்கொண்டு பேசாமல் காத்திருக்கிறது. பூசணி, சூரியகாந்தி மாதிரி அகன்ற இலைக்காரர்கள் இதில் இன்னும் நாடகம் போடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால்தான், அல்லது விடியற்காலையிலேயே துவண்டிருந்தால்தான், கவலைப்பட வேண்டும். இப்போது விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்காமல் பூவாளியைத் தொடுவதில்லை. மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும் தொட்டிகூட உள்ளே சில்லென்று ஈரமாக இருப்பதை விரல்தான் சொல்கிறது, கண் சொல்வதில்லை.

மதியத்தில் தண்ணீர் தெளித்தால் துளிகள் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பியிருந்தேன். வழவழப்பான இலையில் அப்படி நடக்காதாம். துளி இலையோடு ஒட்டித் தட்டையாக உட்கார்ந்துவிடுவதால் ஒளி குவிய வேண்டிய இடம் இலைக்குக் கீழே போய்விடுகிறது. மதியத்தில் ஊற்ற வேண்டாம் என்பதற்கு அதைவிட உருப்படியான காரணம், ஊற்றியதில் ஒரு பங்கு வேருக்குப் போவதற்குள் ஆவியாகிவிடும் என்பதுதான். இன்னொன்று, வெயிலில் கிடந்த ஹோஸ் குழாய். அதற்குள் தேங்கியிருக்கும் முதல் தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுத்தான் செடிக்கு ஊற்ற வேண்டும்.

தொட்டிகளுக்குச் செய்தது இரண்டே வேலை. காய்ந்த இலைச் சருகை மண்மேல் மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளை அவற்றைவிடப் பெரிய பழைய தொட்டிகளுக்குள் இறக்கி வைத்தேன், இடையில் காற்று இருந்தால் வெயில் நேராக வேர்ப்பக்கம் அடிக்காது. மண்தொட்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு. அவை வியர்த்து வியர்த்துத் தங்களைக் குளிரவைத்துக்கொள்ளும், ஆனால் அந்த வியர்வை உங்கள் தண்ணீர்க் கணக்கில்தான் கழியும்.

மூன்றாவதாக ஒன்று செய்தேன், அது விளையாட்டு. மெருகு போடாத ஒரு சின்ன மண்தொட்டியின் அடித்துளையை அடைத்து, பெரிய தொட்டியின் நடுவே கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பித் தட்டால் மூடிவிட்டேன். மண் காயக் காயப் பானைச் சுவர் வழியாக நீர் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். என்னைவிடப் பானைக்கு விவரம் அதிகம். 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது, நானோ ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல இரண்டு நாள் எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

தக்காளி கதை வேறு. செடி செழிப்பாக இருந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது, ஒரு காய் பிடிக்கவில்லை. காலையில் பார்த்தால் காம்பின் கணுவில் கத்தரித்த மாதிரி மஞ்சள் பூக்கள் மண்ணில் கிடக்கும். உரம் போதவில்லையோ, பூச்சியோ, எதிரே இருக்கும் சுவரோ என்று என்னென்னவோ யோசித்தேன். விஷயம் வெப்பம்தான். பகலில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காமல் சில நாட்கள் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடுகிறது. கருவுறாத பூவைச் செடி சுமப்பதில்லை, உதறிவிடுகிறது. இதற்கு நான் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டினேன், காலையில் கொத்துகளை விரலால் லேசாகச் சுண்டிவிட்டேன், அப்புறம் சும்மா இருந்தேன். இந்த சும்மா இருப்பதுதான் எனக்கு வராத வேலை.

சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்குத்தான் கைவேலை. பத்து மணிக்கு உள்ளே வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். முதலில் வாட்டர்கலர். கோடையில் அது ஒரு சண்டை. காகிதத்தில் நீலம் தடவி, பச்சையைத் தொட்டுக்கொண்டு வருவதற்குள் நீலத்தின் விளிம்பு காய்ந்து கோடாகிவிடுகிறது, அதன்மேல் பச்சையை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு விழுகிறது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது, அது இன்னொரு திட்டு. காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து, வழவழப்பான பலகையில் ஒட்டவைத்து வரைந்தால் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும் என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் சில நாட்களுக்குப் பிறகு பென்சிலுக்கு மாறிவிட்டேன். காகிதத்தைப் பார்க்காமல் செடியை மட்டும் பார்த்து, கண் போகிற வேகத்தில் கையை நகர்த்தி, பென்சிலை எடுக்காமல் வரைவது. வந்து விழுவது பெரும்பாலும் நசுங்கிய சிலந்தி போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு துவண்ட இலையை இப்படிப் பத்து நிமிடம் பார்த்தால், காம்பு இலையோடு சேரும் இடத்தில்தான் முதலில் தளர்கிறது, நுனி கடைசிவரை விறைப்பாக நிற்கப் பார்க்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. அத்தனை நாள் தண்ணீர் ஊற்றியபோது இதைப் பார்த்ததே இல்லை.

எம்பிராய்டரி துணியை எடுத்தேன், வைத்தேன். வியர்த்த கையில் ஊசி வழுக்குகிறது. சங்கிலித் தையலில் நான்கு இலை முடித்திருக்கிறேன், ஐந்தாவதைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கோடையில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. பூச்சாறு, இலைச்சாறு இவற்றின் நிறம் வெயிலில் வெளுக்கும். அந்த வெளுப்பையே படமாக்கலாம். சாற்றைக் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் போட்டால், வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் நிறத்தோடு நிற்கும். ஆந்தோடைப் என்று பெயர். புகைப்படக் கலை பிறந்த புதிதில், 1842-ல், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் விதவிதமான பூக்களின் சாற்றை வைத்து இதைச் சோதித்து எழுதினார். மேரி சோமர்வில்லும் 1840-களில் தாவரச் சாறுகளோடு இதே வேலையில் இறங்கியிருக்கிறார். இருட்டறை, ரசாயனம், கேமரா எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். அது என்னிடம் கிடையாது, ஆனால் வெயில் நிறைய இருந்தது.

முதலில் கீரையை அரைத்து வடிகட்டிய சாறு. அழகான பச்சை. இரண்டு நாள் வெயிலில் வைத்து அவசரப்பட்டு எடுத்துப் பார்த்தேன், இலை எது காகிதம் எது என்றே தெரியவில்லை. இன்னொரு காகிதத்தை ஆறு நாள் விட்டேன், ஏதோ மூடுபனிக்குள் இலை நிற்பது போல மங்கலாக வந்தது. அடுத்து மஞ்சள்தூள். தண்ணீரில் அதன் நிறம் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டிப் பூச வேண்டும். மஞ்சளுக்கு வெயில் என்றால் அவ்வளவு பயம், மூன்று மணி நேரத்திலேயே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் பூசிய காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பால்கனியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், "காகிதத்துக்கு எதுக்கும்மா மஞ்சள்? அதுக்கென்ன கல்யாணமா?"

ஒரு தப்பும் நடந்தது. தொட்டி வேலை முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவி, சரியாகத் துடைக்காமல் புதிதாகப் பூசிய காகிதத்தின் ஓரத்தைத் தூக்கினேன். தொட்ட இடத்தில் பளிச்சென்று சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. மஞ்சளில் சோப்பின் காரம் பட்டால் சிவந்துவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஞாபகம் வர ஒரு காகிதம் செலவாயிற்று. தூக்கிப்போடாமல் அதன்மேலேயே அந்திமந்தாரை இலை ஒன்றையும், உதிர்ந்து கிடந்த தக்காளிப் பூக்கொத்து ஒன்றையும் வைத்து வெயிலுக்கு அனுப்பினேன். என் மொத்த முயற்சியில் உருப்படியாக வந்தது அந்த ஒன்றுதான். பின்னணி வெளிறிய தந்த நிறத்துக்குப் போய், இலை மட்டும் அடர் மஞ்சளாக, தக்காளிப் பூவின் ஐந்து இதழ் முனைகளும் ஊசிபோல. ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை, அது நான்.

நான்கு மணிக்கு மேல் வெளியே வந்தால் காற்றில் சூடு இருந்தாலும் முரட்டுத்தனம் போயிருக்கும். சாமந்தி இருந்த தொட்டியில் இப்போது கற்றாழை, அது இலைத்துளைகளை இரவில் திறந்து பகலில் மூடிவைத்துக்கொள்ளும் ஜாதி, மதியத்தில் தலையைத் தொங்கப் போட்டு என் அன்பைக் கேட்காது என்று நினைக்கிறேன். அந்திமந்தாரை அவிழ்ந்து வாசனை வர ஆரம்பித்ததும், நன்றாக இருட்டுவதற்குச் சற்று முன்னால், நீளமான உறிஞ்சுகுழலோடு ஒரு பருந்து அந்துப்பூச்சி சில நாள் வரும். பூவின்மேல் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்துவிட்டு அடுத்த பூவுக்கு நகரும். அதை வரைந்து பார்க்கலாம் என்று இரண்டு முறை நோட்டை எடுத்து வந்தேன், திறப்பதற்குள் போய்விட்டது. போன வாரம் இரண்டு இரவு கொஞ்சம் குளிர்ந்தது. தக்காளியில் மிளகு அளவுக்கு மூன்று காய் பிடித்திருக்கிறது.

அந்தப் படத்தை மாட்ட முடியாது. ஆந்தோடைப்பை நிலைநிறுத்த வழியில்லை, எந்த வெளிச்சம் அதைச் செய்ததோ அதே வெளிச்சம் மெல்ல மெல்ல அழித்துவிடும். ஒரு தடித்த அகராதிக்குள் வைத்திருக்கிறேன். அக்கா அடுத்த மாதம் வருகிறாள், அவளுக்குக் காட்ட வேண்டும். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, சீக்கிரம் பார் சீக்கிரம் பார் என்று அவசரப்படுத்தித்தான் காட்ட வேண்டியிருக்கும்.