மைக் திறந்தால் பாட்டு கெடும்

புதிதாக வாங்கிய புளூடூத் ஹெட்போனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்தும்விட்டேன். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. காலையில் நாதஸ்வரத்தை அத்தனை தெளிவாகக் கேட்க வைத்த அதே ஹெட்போன், அலுவலகத்தின் காணொலிக் கூட்டத்தில் நான் சேர்ந்த மறுகணமே, பழைய தொலைபேசியில் யாரோ வாசித்துக் காட்டுவதைப் போல ஒலிக்கத் தொடங்கிவிடும். இரண்டு காதிலும் ஒரே ஒலி. மேல்ஸ்தாயி மழுங்கிப்போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு கரகரப்பு. கூட்டம் முடிந்ததும் சில நாள் தானாகச் சரியாகும், சில நாள் மாலை வரை அப்படியே கிடக்கும். இந்தச் சில நாள் கணக்குதான் என்னை அதிகம் குழப்பியது.

பெட்டியை ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தேன். ஹெட்போனைக் கைப்பேசியோடு இணைத்துப் பாட்டுக் கேட்டபோது குறையே இல்லை. மடிக்கணினியில் பழைய கம்பி இயர்போனைச் செருகி, கூட்டத்திலும் சேர்ந்து பார்த்தேன், அதிலும் குறையில்லை. தனித்தனியே இரண்டும் ஒழுங்காக இருந்து, சேரும்போது மட்டும் தகராறு என்றால், அவை தமக்குள் எந்த வழியில் பேசிக்கொள்கின்றன என்பதைத்தான் ஆராய வேண்டும்.

வழி ஒன்றல்ல, இரண்டு. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கென்று ஏ2டிபி என்றொரு முறையும், பேச்சுக்கென்று எச்எஃப்பி என்றொரு முறையும் உண்டு. முன்னது ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து காதுக்கு மட்டுமே ஒலி செல்லும் என்பதால், எஸ்பிசி என்ற சாதாரண கோடெக்கிலேயே (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் வரை ஸ்டீரியோவாக அனுப்ப முடிகிறது. பின்னது இருவழிப் பாதை. மைக்கின் ஒலி திரும்பி வருவதற்கும் இடம் விட வேண்டியிருப்பதால், ஒரு திசைக்கு 64 கிலோபிட் அளவில், இடம் வலம் என்ற பிரிவே இல்லாத மோனோ ஒலியாக எல்லாம் சுருங்கிவிடுகிறது. அதன் பழைய வடிவம் ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து மாதிரி எடுக்கும். மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைக் கடத்த முடியாது என்பது ஒலிப்பதிவின் அடிப்படை விதி. ஆகவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் வந்து சேராது. பின்னர் வந்த எம்எஸ்பிசி என்ற கோடெக் இந்த எல்லையை 8,000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. பேச்சுக்கு அது போதும். தம்புராவின் கார்வையையும் ஜால்ராவின் கிணுகிணுப்பையும் அதற்குள் அடைக்க முடியாது.

ஹெட்போனின் மைக்கை ஏதேனும் ஒரு செயலி கேட்ட உடனே, கணினி முழு இணைப்பையும் பேச்சு முறைக்கு மாற்றிவிடுகிறது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டும் அந்தக் குறுகிய பாதையில்தான் வர வேண்டும். சில நாள் கணக்கின் விடையும் இதிலேயே கிடைத்தது. கூட்டம் முடிந்த பிறகும் உலாவியில் கூட்டம் நடந்த டேப்பை மூடாமல் விட்ட நாள்களில், அது மைக்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. விண்டோஸில் திரையின் கீழ்மூலையில் சிறிய மைக் படம் தெரிந்தால், யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எந்தச் செயலி என்று பெயரே சொல்லும். அந்தப் படம் எத்தனை நாளாக என் கண்ணெதிரே இருந்ததோ!

தீர்வு எளியது. கூட்டச் செயலியின் அமைப்பில் ஒலி கேட்க ஹெட்போனையும், பேசுவதற்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தேன். பாட்டு முறை கலையாமல் நின்றது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஹெட்போன் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்றும் இரண்டு பெயர்களில் தெரியும். முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் ஹெட்போனின் பண்புகளைத் திறந்து, சேவைகள் பகுதியில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிபோனி என்பதன் குறியை நீக்கிவிட்டால் பிரச்சினை வேரோடு போகும் என்றாலும், அந்தக் கணினியில் ஹெட்போனின் மைக் பிறகு வேலை செய்யாது. எனக்கு அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை. மடிக்கணினியின் மைக் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்து அனுப்புகிறது என்று உடன் பணிபுரிபவர்கள் சொன்னார்கள். ஆகவே கூட்டத்தின்போது விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறேன். எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறை, மைக் திறந்தால் பாட்டு கெடும் இந்தச் சங்கடத்தைக் குறைக்கிறது. ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும், என் ஹெட்போனில் அது இல்லை.

ஒலி மழுங்காமல் விட்டு விட்டு வந்தால் காரணம் வேறு. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யுஎஸ்பி 3 இணைப்புகள் அந்தப் பகுதியில் இரைச்சலைக் கசியவிடக்கூடும். அந்த வகை இணைப்பில் இருந்த என் வெளி ஹார்ட் டிஸ்க்கை மடிக்கணினியின் மறுபக்கத்துக்கு மாற்றியதும் அந்தத் திக்கல் நின்றுபோயிற்று.

கம்பி இயர்போனுக்கும் அதற்கே உரிய விசித்திரங்கள் உண்டு. சென்ற வாரம் அப்பா தம் கணினியில் பழைய திரைப்பாடல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மியூசிக் எல்லாம் கேக்குது, பாடறவரை மட்டும் காணலையேப்பா" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது, ஏனென்றால் இந்தக் குறைக்கு ஏறக்குறைய ஒரே காரணம்தான் இருக்க முடியும். இயர்போனின் செருகுமுனை முழுவதும் உள்ளே இறங்காமல், இரண்டு காதின் மின்னோட்டமும் திரும்பிச் செல்லும் பொதுவான தரைக் கம்பியின் தொடர்பு அறுந்துவிட்டால், இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதில் விழும். பாடகரின் குரலை இரு பக்கமும் சம அளவில் வைத்துக் கலப்பதே வழக்கம் என்பதால், கழித்தலில் அது மறைந்துவிடுகிறது. ஓரங்களில் வைத்த வயலின்கள் மட்டும் மிஞ்சுகின்றன. கணினியை அணைத்து, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் பஞ்சும் தூசியும் அடைந்து கிடந்தன. பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்த பிறகு, செருகுமுனை டக்கென்று உள்ளே இறங்கியது. பல்லவியிலேயே பாடகர் திரும்பி வந்துவிட்டார்.