வயிற்றிலேயே கிட்னி வீக்கம்: எங்கள் அனுபவம்

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் வயிற்றிலிருக்கும் குழந்தையின் இரண்டு கிட்னியிலும் வீக்கம், மூத்திரப்பை பெருத்து சுவர் தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவரும் விளக்கவில்லை, "பெரிய டாக்டரைப் பாருங்க" என்று கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கருவிலிருக்கும் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்தான் பொறுமையாகப் படம் வரைந்து சொன்னார். பத்தாவது வாரம் வாக்கிலேயே குழந்தையின் கிட்னி சிறுநீர் சுரக்கத் தொடங்கிவிடுமாம், நான்காம் மாதத்துக்கு மேல் பனிக்குட நீரில் பெரும்பகுதி அதுதான், குழந்தை அதையே விழுங்கித் திரும்ப வெளியே விடும், நுரையீரல் வளரவும் அந்த நீர் வேண்டும். கீழே வழி அடைபட்டால் சிறுநீர் பின்னால் தேங்கி கிட்னியை அழுத்தும். அழுத்தம் சீக்கிரமே வந்துவிட்டால் வடிகட்டிகள் சரியாக உருவாகாது, ஏறக்குறைய 36 வாரத்துக்கு மேல் புதிதாக உருவாகவும் உருவாகாது.

எனக்கு எத்தனை மில்லிமீட்டர் வீக்கம் என்பதிலேயே கண். அவர் ஒவ்வொரு ஸ்கேனிலும் முதலில் பார்த்தது பனிக்குட நீரைத்தான். "நீர் நல்லா இருக்கும்மா, கிட்னி வேலை செய்யுது" என்பார். அப்புறம்தான் கிட்னியின் சதை மெலிந்திருக்கிறதா, உள்ளே நீர்க்கட்டிகள் தெரிகிறதா என்று பார்ப்பார். நீர் குறைந்தால் மூத்திரப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சின்னக் குழாய் வைக்கலாம், ஆனால் அது முக்கியமாக நுரையீரலைக் காப்பாற்றத்தான், கிட்னிக்கு உத்தரவாதம் இல்லை என்று நேராகவே சொன்னார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இப்படி அடைப்பு வர முக்கியக் காரணம் மூத்திரக் குழாயில் இருக்கும் ஒரு சவ்வு, வால்வு என்பார்கள், ஆண் குழந்தைக்குத்தான் வரும். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால் டாக்டர் கடைசிவரை "அடைப்பு" என்ற சொல்லைத் தாண்டவே இல்லை. அத்தை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்!

குழந்தைகள் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பையன். பிறந்த அன்றே மூத்திரம் வடிய மெல்லிய டியூப் போட்டார்கள். முதல் ஓரிரு நாளில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கழிவுப்பொருள்) அளவு அம்மாவுடையதைத்தான் காட்டும், அதைப் பார்த்து அழாதீர்கள் என்று நர்ஸ் அக்கா முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. டியூப் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், வால்வுக்கு மேலே மூத்திரக் குழாய் பலூன் மாதிரி உப்பியிருந்தது எனக்கே தெரிந்தது. பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கோப் விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். உடம்பில் வெளியே தையல் எதுவும் இல்லை.

வால்வு போனாலும் தடித்த மூத்திரப்பை உடனே சரியாகிவிடாது. இப்போது இடது கிட்னி நன்றாக இருக்கிறது, வலது கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. தினமும் இரவு ஆன்டிபயாடிக் சொட்டு, அவ்வப்போது ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பிரஷர். காய்ச்சல் வந்தால் சளிக்காய்ச்சல் என்று விடாமல், மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முதலில் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுகிறோம்.