தேகேவுக்குச் செல்லும் வழி

திபெத்தியப் பகுதிக்குப் போகிறேன் என்று சொன்னால், லாசாவுக்கா என்பதுதான் அடுத்த கேள்வியாக வருகிறது. வரும் செப்டம்பரில் நண்பர்கள் மூவருடன் நான் செல்லவிருப்பது, லாசாவுக்கு வெகு கிழக்கே, காம் எனும் திபெத்திய நிலப்பரப்பில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்குள் அடங்கிய பகுதிக்கு. திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் வெளிநாட்டவர் நுழையத் தனி அனுமதிச் சீட்டும், உடன்வரும் வழிகாட்டியும், முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பயண நிரலும் கட்டாயம்; ஓர் ஊர் பிடித்துப்போய் இன்னும் ஒரு நாள் தங்க நினைத்தாலும் நிரல் இடம் தராது. சிச்சுவானின் திபெத்திய மாவட்டங்களுக்கு அந்தச் சீட்டு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எனினும் லாருங் கர், யாச்சென் கர் ஆகிய பெரும் மடக் குடியிருப்புகள் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருப்பதால், அவற்றைத் திட்டத்தில் சேர்க்கவேயில்லை.

இந்தப் பயணத்தின் இலக்கு ஒரே ஓர் கட்டடம்: தேகே நகரின் பார்காங், அதாவது அச்சகம். 1729-இல் தொடங்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தின் அடுக்குகளில், கைப்பிடியோடு செதுக்கிய மரப்பலகைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒருவர் பலகைக்கு மை தடவ, எதிரே அமர்ந்தவர் நீண்ட தாளை விரித்து உருளையால் அழுத்தி எடுக்க, இருவரும் மாறி மாறிக் குனிந்து நிமிர்ந்து பக்கம் பக்கமாக அச்சிடும் முறை இன்றும் தொடர்கிறது. தாள் செய்யப்படும் செடியின் வேர் நச்சுத்தன்மை உடையதாகையால் பூச்சி அரிக்காது. புத்தரின் வாக்காகக் கருதப்படும் காங்யூர் தொகுதிக்குச் சிவப்பு மை. அச்சிட்டு முடிந்ததும் பலகைகளைக் கழுவி உலர்த்துவார்கள். ஊர் மக்களுக்கு இது வெறும் தொழிற்கூடம் அன்று. கோயிலைச் சுற்றுவதுபோல, செபமாலையை உருட்டியபடி இக்கட்டடத்தை வலம் வருகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆர்வமும் உண்டு. இந்தியப் பேரறிஞர்களின் நூல்களைத் திபெத்திய மொழியில் தாங்கிய தெங்யூர் தொகுதியின் பலகைகளும் இங்கேதான் இருக்கின்றன. அத்தொகுதியில் உள்ள பிரமாண சமுச்சயம் எனும் பௌத்த அளவையியல் நூலை எழுதிய திக்நாகர், திபெத்திய மரபுப்படி காஞ்சிக்கு அருகில் பிறந்தவர். அந்நூலின் சமஸ்கிருத மூலம் தனி நூலாக முழுமையாகக் கிட்டவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில் முழுமையாக நிற்கிறது.

வழியை வகுக்கும்போது தூரத்தைவிட உயரமே பெரும் கணக்காக இருந்தது. முன்பு லே நகரில் விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்பி, இரண்டு நாள் மண்டையிடியோடு போர்வைக்குள் கிடந்தவன் நான். 3,000 மீட்டரைக் கடந்தபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பதை அப்போதுதான் படித்தேன். செங்டு 500 மீட்டரில் இருக்கிறது, திபெத்தியர் தார்செதோ என்று அழைக்கும் காங்டிங் 2,500, லாகாங் 3,700. இந்தக் கடைசித் தாவலைத் தவிர்க்கவே காங்டிங்கில் இரண்டு இரவும், இடையில் சின்துசியாவோவில் ஓர் இரவும் சேர்த்தோம். அதன்பின் கன்சே, மணிகங்கோ வழியாக தேகே. முன்பு 5,000 மீட்டருக்கு மேற்பட்ட துரோ லா கணவாயைக் கடந்தாக வேண்டியிருந்தது; 2017-இல் திறந்த சுரங்கப்பாதை அந்த அபாயத்தை நீக்கிவிட்டது. தேகேவுக்கு மட்டும் நான்கு இரவு ஒதுக்கியிருக்கிறோம். அதற்காக லித்தாங் என்ற ஊரை விட்டுக்கொடுத்தது நண்பர் ஒருவருக்கு இன்னும் வருத்தம்தான்.

காரை நாங்களே ஓட்டும் ஆசையைக் கைவிட்டோம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைச் சீனா ஏற்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, காம் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர் உடன் இருந்தால் அவருடைய உறவினர் வீட்டு அடுப்படி வரை நமக்கு வழி திறக்கும். ஆனால் அவரிடம் அரசியல் பேச்சை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நாம் கேட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவோம், பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் யார்சா கும்பு எனும் விலையுயர்ந்த பூஞ்சையைத் தேடிக் குடும்பம் குடும்பமாக மலையேறிவிடுவதால் பல கிராமங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மழை, மண்சரிவு. அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறையாதலால் சாலையெங்கும் நெரிசல். குளிர்காலத்திலோ அச்சுவேலை நின்றுவிடும். எஞ்சியது செப்டம்பர்.

சென்ற மாதம் கர்நாடகத்தின் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பில், காம் வழிவந்த மூதாட்டி ஒருவர் எனக்குத் த்சம்பா பிசையக் கற்றுத் தந்தார். கிண்ணத்தில் சிறிது வெண்ணெய்த் தேநீர், அதன்மேல் வறுத்த வாற்கோதுமை மாவு. ஒரு விரலால் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தள்ளித் தள்ளி உருட்ட வேண்டும். நம் சத்துமாவு உருண்டை போலத்தான் இருக்கிறது என்றாலும், என் கையில் பாதி மாவு மேசைக்குப் போயிற்று. கோப்பையில் ஒரு மிடறு குறைந்தாலே மீண்டும் நிரப்புவார்கள் என்றும், போதுமானால் குடிக்காமல் நிறைந்தபடியே விட்டு, விடைபெறும்போது குடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். உப்பிட்ட அந்தத் தேநீர் எனக்கு இன்னும் பழகவில்லை.

புறப்படுமுன் அவரிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டி, பிரமாண சமுச்சயத்தின் திபெத்தியப் பெயரை எழுதித் தரச் சொன்னேன். அவருக்கு அந்நூல் தெரியாது. பேரனை மடத்துக்கு அனுப்பி, அங்கிருந்த துறவி ஒருவரிடம் எழுதி வாங்கித் தந்தார். அந்தப் பலகையைக் காட்டுவார்களா என்று தேகேவில் கேட்டுப் பார்க்க வேண்டும். தாள் இப்போது என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.