தம்பி வந்திருக்கும் ஆடி அமாவாசைக்குக் கீரிமலை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வர நாள் பார்ப்பவர்கள் முதலில் விசாரிப்பது யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர் எப்போது என்றுதான். தகப்பன் இல்லாத வீடென்றால் ஆடி அமாவாசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமாவாசையிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். 24ஆம் திருவிழா தேர், 25ஆவது தீர்த்தம். அமாவாசைக்கு முதல் நாள் வந்து இறங்கினாலும் தீர்த்தம் முடிய 30 நாள் விசா முடிந்துவிடும். இரண்டுக்கும் லீவு போதாதென்றால் தேரை விடலாம், பிதிர்க்கடன் செய்யும் கீரிமலைத் தீர்த்தத்தை விட வேண்டாம். இத்தனை வருடமும் ஊரில் இருக்கும் தமக்கைதான் ஐயருக்கு அரிசியும் மரக்கறியும் கொடுத்து, மோட்ச அருச்சனையும் செய்வித்து வந்திருப்பா. எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய கை இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறது.

வந்தவர் தடுமாறுவது பெயரில். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்லிவிடலாம். அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரை ஐயர் கேட்கும்போதுதான் முழி பிதுங்கும். 'சின்னையா' என்று கூப்பிட்டவரின் பதிவுப் பெயர் என்னவென்று அக்காவின் கொப்பியில்தான் இருக்கும். தாய்வழியையும் சேர்த்து ஒரு தாளில் பெரிதாக எழுதி, சொப்பிங் பைக்குள் போட்டுக் கொண்டுபோங்கள். ஈரக்கையில் வெறும் தாள் இரண்டாம் பெயருக்குள்ளேயே கிழிந்துவிடும்.

அமாவாசை எல்லாருக்கும் பொது என்பதால் இதில் நாள் சண்டை இல்லை. ஆண்டுத் திவசத்தில்தான் வரும். தகப்பன் ரொறன்ரோவில் கோடைகால இரவு 9 மணிக்குக் காலமானால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. மாரியில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். நேரத்தை மாற்றாமல் இங்கத்தைய பஞ்சாங்கத்தில் திதி பார்த்தால் பிழைத்துவிடும். அதோடு தம்பி திருக்கணிதப் பஞ்சாங்கமும் அக்கா வாக்கியப் பஞ்சாங்கமுமாக இருந்தால் தொலைபேசியில் தீராத வழக்குத்தான். வந்து நிற்கும்போதே இருவரும் ஒன்றைத் தீர்மானித்து எழுதி வைப்பது நல்லது.

காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி, மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அன்றுதான் மாவிட்டபுரம் கந்தசுவாமிக்கும் கீரிமலையில் தீர்த்தம். சுவாமி வரும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் ஓட்டோ நகராது, கடலோரத் தீர்த்தக் கேணியின் படியில் கால் வைக்கவும் இடமிராது. விடிய 5 மணிக்கே வெளிக்கிடுங்கள். 1990 இல் குண்டு விழுந்து சிதைந்த கீரிமலைச் சிவன் கோயிலான நகுலேஸ்வரம் 2012 இல் குடமுழுக்குக் கண்டது. இடையில் போனவர்களுக்குப் பழைய அடையாளம் பிடிபடாது.

பெண்கள் கேணி மதிலுக்குள் தனியாக இருக்கிறது. தமக்கை முதலில் குளித்து, உடுத்து வந்துவிட்டால் தம்பியின் பாஸ்போர்ட், ஃபோன், மாற்று வேட்டியை வாங்கிக்கொள்ளலாம். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால் பையைக் கரையில் அநாதையாக விட வேண்டியதுதான். கடலில் முழுகிவிட்டுக் கேணிக்கு வருவது வழக்கம். படி பாசி பிடித்தது, வழுக்கும்.

தர்ப்பை ஐயரிடம் இருக்கும். கறுப்பு எள்ளு ஒரு பிடி, பச்சரிசி ஒரு கொத்து, வாழைக்காய், பூசணிக்கீற்று, பயற்றங்காய், தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். தெற்கு நோக்கி இருந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் தண்ணீர் விழும்படி கையைச் சரிக்க வேண்டும். பழக்கமில்லாதவர் விரல் நுனியால் விடுவார். அது தேவருக்குரிய வழி, பிதிருக்கு அல்ல. அவசரப்படுத்துகிற ஐயர் இதைக் கவனிக்க மாட்டார், பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

விரதச் சோற்றுக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் ஆகாது. அன்று காலை சந்தையில் தேடினால் விலையும் ஏறியிருக்கும், நல்ல காயும் முடிந்திருக்கும். முதல் நாளே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிவிடுங்கள். பிளந்து விதையை எடுத்து, மெல்லிசாய்ச் சீவி, உப்புப் பிரட்டி வைத்துப் பிழிந்து பொரித்தால் கைப்பு ஓரளவு அடங்கும், முழுதாகப் போகாது. காகத்துக்கு வைக்கிற பிடியிலும் ஒரு துண்டு இருக்கட்டும்.